இந்தக் கோடை இயல்பிலிருந்து எவ்வளவு விலகியது? கணக்கிட்டுப் பார்க்கும் முறை

கோடை உச்சத்தில் இருக்கும்போது, இப்படியொரு வெயிலை இதுவரை கண்டதில்லை என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அடுத்த ஆண்டும் அதையே சொல்கிறோம். வெப்பத்தைப் பொறுத்தவரை நினைவு நம்பத்தகுந்த சாட்சி இல்லை. சென்ற இரண்டு வாரப் புழுக்கம் மனத்தில் பெரிதாக நிற்கும். பத்தாண்டுகளுக்கு முந்தைய கோடை ஏறக்குறைய அழிந்துபோயிருக்கும். அதே வேளையில், வெயில் என்றைக்கும் இப்படித்தான் இருந்தது என்று சொல்லித் தள்ளிவிடுவதும் அதே அளவுக்கு ஆதாரமற்ற பேச்சுதான். இவ்விரண்டு கூற்றுகளையும் எண்களை வைத்துச் சோதித்துவிட முடியும். அதற்கு வானிலையியல் பட்டம் வேண்டியதில்லை. நல்ல பதிவேடு ஒன்றும், கணினியில் ஒரு விரிதாளும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

‘இயல்பைவிட 2 டிகிரி அதிகம்’ என்ற செய்தி தனியாக நின்றால் அதற்குப் பொருள் மிகக் குறைவு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். எந்த ஆண்டுகளின் சராசரியை இயல்பு என்று கொண்டார்கள், எந்த இடத்தில் எந்தக் கருவி அளந்தது, அந்த இடத்தில் ஒரு கோடைக்கும் மறு கோடைக்கும் இடையே வழக்கமாக எவ்வளவு வேறுபாடு இருக்கும் ஆகிய மூன்றும் தெரிந்த பிறகே அந்த 2 டிகிரி பெரிதா சிறிதா என்று கூற முடியும். கீழே விவரிக்கும் முறை முழுவதும் இந்த மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவதுதான்.

இயல்பு என்பது எந்த ஆண்டுகள்

வானிலையியலில் இயல்பு என்பது 30 ஆண்டுகளின் சராசரி. 1935இல் வார்சாவில் கூடிய பன்னாட்டு வானிலையியலாளர் மாநாடு, 1901 முதல் 1930 வரையிலான ஆண்டுகளை ஒப்பீட்டுக்கான காலமாக ஏற்றது. அதன் பின் 1931–1960, 1961–1990 என்று முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை காலம் மாற்றப்பட்டு வந்தது. பூமி வேகமாகச் சூடேறும்போது அவ்வளவு பழைய சராசரி அன்றாடப் பயன்பாட்டுக்கு உதவாது என்பதால், பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று உலக வானிலை அமைப்பு 2015இல் முடிவெடுத்தது. இப்போது நடப்பில் இருப்பது 1991–2020. நீண்டகாலக் காலநிலை மாற்றத்தை அளப்பதற்காக 1961–1990 காலமும் கைவிடப்படாமல் தனியே வைக்கப்பட்டுள்ளது.

ஒரே கோடைக்கு வெவ்வேறு அறிக்கைகள் வெவ்வேறு எண்களைத் தருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உலக வெப்பநிலையைக் கணக்கிடுவதில் நாசா 1951–1980 காலத்தையும், பிரிட்டனின் ஹாட்கிரட் தொகுப்பு 1961–1990 காலத்தையும், ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் காலநிலைச் சேவை 1991–2020 காலத்தையும் அடிப்படையாகக் கொள்கின்றன. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலை என்று பேசும்போது 1850–1900 காலத்தைக் குறிக்கிறார்கள். கோப்பர்நிகஸ் கணக்குப்படி, 1991–2020 காலத்தின் உலகச் சராசரியே 1850–1900 காலத்தைவிட 0.88 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. ஆகவே, இன்றைய இயல்பைவிட அரை டிகிரி அதிகம் என்று ஓர் அறிக்கையும், பழைய நிலையைவிட ஏறத்தாழ 1.4 டிகிரி அதிகம் என்று மற்றொன்றும் சொன்னால், இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. நீங்கள் எந்த எண்ணைக் குறித்துக்கொண்டாலும், அதன் பக்கத்திலேயே அடிப்படைக் காலத்தையும் எழுதிவிடுங்கள். அது இல்லாத எண்ணை இன்னோர் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

முப்பது ஆண்டுகள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஐந்து அல்லது பத்து ஆண்டுகளை மட்டும் எடுத்தால், பசிபிக் பெருங்கடலின் வெப்ப மண்டலப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் ஓரிரண்டு எல் நினோ ஆண்டுகளோ ஓர் எரிமலை வெடிப்போ சராசரியை ஒரு பக்கமாக இழுத்துவிடும். 1991 ஜூனில் வெடித்த பினடூபோ எரிமலையின் புகைத்திரை அடுத்த ஆண்டு உலகத்தையே சற்றுக் குளிர்வித்தது. 1998இலும் 2016இலும் வலுவான எல் நினோவின் தாக்கத்தால் உலகச் சராசரி எகிறியது. முப்பது ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கையில் இத்தகைய ஏற்ற இறக்கங்கள் பெருமளவுக்கு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன.

கோடையின் எல்லையை முன்கூட்டியே வகுத்தல்

வட அரைக்கோளத்தின் மிதவெப்ப நாடுகளில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களும், தென் அரைக்கோளத்தில் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களும் வானிலையியல் கோடையாகக் கொள்ளப்படுகின்றன. தென்மேற்குப் பருவமழை ஆளும் தெற்காசியாவின் பெரும்பகுதியில் மார்ச் முதல் மே வரை கோடை. உங்கள் இடத்துக்கு எது பொருந்துமோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் எண்களைப் பார்ப்பதற்கு முன்பே தேர்ந்துகொள்ளுங்கள். வெயில் கொளுத்திய பதினெட்டு நாட்களைப் பார்த்துவிட்டு, அந்தப் பதினெட்டு நாட்களையே வெட்டியெடுத்து முப்பதாண்டுச் சராசரியோடு ஒப்பிட்டால், விடை எப்போதும் ‘மிக அசாதாரணம்’ என்றே வரும். எந்த ஆண்டிலும் அப்படிப்பட்ட ஒரு துண்டு கிடைக்காமல் போகாது.

கோடை இன்னும் முடியவில்லை என்றால், இதுவரை கழிந்த நாட்களை, கடந்த ஆண்டுகளின் அதே தேதிகளோடு மட்டும் ஒப்பிட வேண்டும். மாதத்தின் முதல் பத்து நாட்களை முழு மாதச் சராசரியோடு ஒப்பிடுவது பரவலாக நடக்கும் பிழை. வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும் மாதத்தில் அது இந்த ஆண்டைக் குளிர்ச்சியாகவும், இறங்கும் மாதத்தில் சூடாகவும் காட்டிவிடும்.

எண்களை எங்கிருந்து பெறுவது

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் நாட்டு வானிலைத் துறையின் பதிவுகள். பல நாடுகளின் வானிலைத் துறைகள் ஒவ்வொரு முதன்மை நிலையத்துக்கும் மாதவாரியான இயல்பளவுகளை வெளியிடுகின்றன: சராசரி அதிகபட்ச வெப்பநிலை, சராசரி குறைந்தபட்ச வெப்பநிலை, மழையளவு ஆகியவை அதில் இருக்கும். நாள்வாரிப் பதிவு வேண்டுமானால், அமெரிக்காவின் தேசியச் சுற்றுச்சூழல் தகவல் மையங்கள் பராமரிக்கும் உலகளாவிய நாள்வாரித் தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றுள் மழையை மட்டும் அளக்கும் நிலையங்களே மிகுதி என்பதை நினைவில் கொள்ளவும். அருகில் நல்ல நிலையமே இல்லாதவர்களுக்கு ஈரா5 என்ற மறுபகுப்பாய்வுத் தொகுப்பு கைகொடுக்கும். இது 1940 முதல் இன்றுவரை, பூமி முழுவதற்கும், ஏறக்குறைய 31 கிலோமீட்டர் இடைவெளியில் மணிவாரியாக வெப்பநிலையைத் தருகிறது. அது நேரடி அளவீடு அல்ல, அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்துப் பெற்ற மதிப்பு. கடற்கரையிலும் மலைச்சரிவிலும் அதன் மதிப்புகள் நிலையத்தின் மதிப்புகளிலிருந்து சில டிகிரி விலகியிருக்கலாம். அதனால் ஈரா5 மதிப்பை ஈரா5 சராசரியோடும், நிலையத்தின் மதிப்பை அதே நிலையத்தின் சராசரியோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். இரண்டையும் கலந்தால் கிடைப்பது வெறும் கருவி வேறுபாடாகவே இருக்கும்.

கைப்பேசிச் செயலி காட்டும் வெப்பநிலை பெரும்பாலும் மாதிரியிலிருந்து வரும் மதிப்பீடு. காரின் வெப்பமானி, தார்ச்சாலையிலிருந்தும் எஞ்சினிலிருந்தும் எழும் சூட்டையும் சேர்த்தே காட்டுகிறது. வீட்டுச் சுவரில் மாட்டிய வெப்பமானிக்கும் இதே குறை உண்டு. வானிலை நிலையத்தில் வெப்பமானி வெண்ணிறப் பலகைத் தடுப்புகள் கொண்ட ஸ்டீவன்சன் கூண்டில், நேர் வெயில் படாமல், காற்று உள்ளே புகுந்து வெளியேறும்படி, தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் வரையிலான உயரத்தில் இருக்கும். நாம் கேட்கும் வானிலைச் செய்திகளின் எண்கள் இப்படி நிழலில் அளந்தவை. எனவே, வெயிலில் வைத்த கருவி 47 காட்டியது, செய்தியில் 41 என்று மறைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் நியாயம் இல்லை. இரண்டும் வெவ்வேறு பொருள்களை அளந்தவை.

நிலையத்தைத் தேர்ந்த பின், அதன் வரலாற்றையும் விசாரியுங்கள். இந்த வேலையில் நான் மிக முக்கியமானதாகக் கருதுவது இதைத்தான். நகர நடுவில் இருந்த நிலையம் விமான நிலையத்துக்கு மாற்றப்பட்டிருந்தாலோ, கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தாலோ, பாதரச வெப்பமானிக்குப் பதில் தானியங்கி உணரி வந்திருந்தாலோ, பதிவில் ஒரு படி உண்டாகியிருக்கும். ஆண்டுவாரிச் சராசரிகளை ஒரு வரைபடமாக வரைந்தால் அந்தப் படி கண்ணுக்கே தெரியும்: ஒரு குறிப்பிட்ட ஆண்டில் கோடு திடீரென்று மேலேறியோ கீழிறங்கியோ, பின்னர் அந்த மட்டத்திலேயே தொடரும். பக்கத்து நிலையங்களின் கோடுகளில் அந்தப் படி இல்லையென்றால், மாறியது காலநிலை அல்ல, கருவியோ இடமோதான். வயல்வெளியாக இருந்த சுற்றுப்புறம் கட்டடக் காடாக மாறியிருந்தால் படி தெரியாது. மெதுவான ஏற்றம், குறிப்பாக இரவு வெப்பநிலையில், தெரியும். அந்த ஏற்றம் உண்மையானதே, அங்கு வாழ்பவர்கள் அதை அனுபவிக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு பகுதிக்கு நகரமே காரணம் என்று குறிப்பிட்டாக வேண்டும்.

விடுபட்ட நாட்களையும் கவனியுங்கள். ஒரு மாதத்தில் 11 நாட்களோ அதற்கு மேலோ பதிவு இல்லையென்றால், அல்லது தொடர்ச்சியாக 5 நாட்களோ அதற்கு மேலோ விடுபட்டிருந்தால், அந்த மாதத்தின் சராசரியைக் கணக்கிட வேண்டாம் என்பது உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல். இயல்பளவைப் பெறுவதற்கு, முப்பதில் குறைந்தது 24 ஆண்டுகளின் மதிப்புகள் வேண்டும்.

கணக்கு

விரிதாளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வரிசை போடுங்கள். கோடை மாதங்களின் சராசரி அதிகபட்சம், சராசரி குறைந்தபட்சம், மொத்த மழை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் இருக்கட்டும். சராசரி வெப்பநிலை என்ற ஒரே பத்தியோடு நிறுத்த வேண்டாம். சில நாடுகளில் அது அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தது. வேறு சிலவற்றில் நாள் முழுவதும் எடுத்த அளவீடுகளின் சராசரி. இவ்விரண்டும் ஒன்றாக வருவதில்லை.

ஒரு கற்பனை நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மூன்று கோடை மாதங்களின் இயல்பான பகல் உச்சம் 33.2, 35.0, 36.1 டிகிரி, இந்த ஆண்டு 34.6, 35.1, 36.9. மாதவாரி விலக்கம் +1.4, +0.1, +0.8 என்று வருகிறது. மூன்று மாதங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ +0.8. இரவின் இயல்பான குறைந்தபட்சம் 24.0, 26.1, 26.8, இந்த ஆண்டு 25.5, 27.4, 28.0. விலக்கம் +1.5, +1.3, +1.2; மொத்தத்தில் +1.3. இத்தோடு நிறுத்துபவர், பகலும் இரவும் ஓரளவு சூடாக இருந்தன என்று மட்டும் சொல்லுவார்.

அடுத்ததாக, கடந்த முப்பது கோடைகளின் சிதறலைப் பார்க்க வேண்டும். மதிப்புகள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு தள்ளிச் சிதறுகின்றன என்பதைச் சொல்லும் எண்ணுக்குத் திட்ட விலக்கம் என்று பெயர்; அதைக் காணும் சூத்திரம் விரிதாளில் இருக்கிறது. முப்பது கோடைகளின் மதிப்புகளைக் கொடுத்தால் ஒரே எண் வரும். நம் கற்பனை நிலையத்தில் பகல் உச்சத்துக்கு அது 0.7, இரவுக்கு 0.4 என்று வைத்துக்கொள்வோம். பகல் விலக்கமான 0.8ஐ 0.7ஆல் வகுத்தால் 1.1 மடங்கு. மதிப்புகள் சராசரிக்கு இருபுறமும் சமச்சீராகப் பரவியிருந்தால், இத்தகைய கோடை ஏறக்குறைய ஏழில் ஒன்றாக வரக்கூடியது. சூடானதுதான், ஆனால் வியப்புக்குரியதன்று. இரவு விலக்கமான 1.3ஐ 0.4ஆல் வகுத்தால் 3 மடங்குக்கு மேல் வருகிறது. மாறாத காலநிலையில் இது ஒருவர் வாழ்நாளில் எதிர்பார்க்கக்கூடியதன்று. மக்கள் பகல் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, இந்தக் கோடையின் உண்மையான அசாதாரணம் இரவில் இருந்திருக்கிறது. பகலையும் இரவையும் சேர்த்து ஒரே சராசரி ஆக்கியிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

திட்ட விலக்கம் பிடிபடாதவர்களுக்கு எளிய மாற்று ஒன்று உண்டு. எல்லாக் கோடைகளையும் சூட்டின் வரிசையில் அடுக்கி, இந்தக் கோடை எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். 31 கோடைகளில் ஐந்தாவது என்பது எவருக்கும் புரியும் செய்தி.

நாள்வாரி விலக்கங்களில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. தனியொரு நாள் இயல்பைவிட 3 டிகிரி உயர்வது பல இடங்களில் அடிக்கடி நடப்பது. மூன்று மாதச் சராசரி 3 டிகிரி உயர்வது மிகப் பெரிய நிகழ்வு. காலம் நீள நீளச் சிதறல் சுருங்கும் என்பதே இதற்குக் காரணம். செய்தியில் வரும் விலக்கம் ஒரு நாளுக்கா, வாரத்துக்கா, பருவத்துக்கா என்று பார்க்காமல் அதன் பருமனை எடைபோட முடியாது.

போக்கையும் இந்த ஆண்டின் பங்கையும் பிரித்தல்

1991–2020 காலத்தின் நடுப்புள்ளி 2005 முடிந்து 2006 தொடங்கும் இடம். அதாவது, இன்றைய இயல்பு என்று நாம் சொல்வது ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நிலையைக் குறிக்கிறது. நம் கற்பனை நிலையத்தில் கோடைப் பகல் பத்தாண்டுக்கு 0.3 டிகிரி வீதம் ஏறிவருவதாகக் கொண்டால், 2025இல் எந்தச் சிறப்புக் காரணமும் இல்லாத ஒரு கோடைகூட இயல்பைவிட 0.6 டிகிரி உயர்ந்தே இருக்கும். நாம் கண்ட 0.8இல் 0.6 நீண்டகாலப் போக்கின் பங்கு, எஞ்சிய 0.2 மட்டுமே அந்த ஆண்டுக்கு உரியது. ‘இந்த ஆண்டு மட்டும் ஏன் இப்படி’ என்ற கேள்வியே அங்கு பொருந்தாது. அதற்குப் பதில், இத்தனை ஆண்டுகளாக ஏன் ஏறிக்கொண்டே இருக்கிறது என்று கேட்க வேண்டும். விரிதாளில் ஆண்டுகளை ஒரு பத்தியிலும் கோடைச் சராசரியை மறு பத்தியிலும் வைத்து நேர்கோட்டுப் போக்கு வரைந்தால் இந்த வீதம் கிடைத்துவிடும். பத்து ஆண்டுத் தரவில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். குறைந்தது முப்பது, முடிந்தால் ஐம்பது ஆண்டுகள் வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இயல்பளவு பத்தாண்டுக்கு ஒருமுறை உயர்த்தப்படுவதால், நாற்பது ஆண்டுகளுக்கு முன் கடுங்கோடை என்று பதிவான ஒன்று இன்றைய அளவில் இயல்பான கோடையாகத் தெரியலாம். இயல்பை ஒட்டியது என்று அறிக்கை சொல்லும் கோடை, முந்தைய தலைமுறையின் கோடையைவிடச் சூடானதாகவே இருக்கக்கூடும். அதனால் 1991–2020, 1961–1990 ஆகிய இரண்டு காலங்களோடும் ஒப்பிட்டு, இரண்டு விடைகளையும் அருகருகே எழுதுவதே நேர்மையானது என்பது என் உறுதியான கருத்து.

சராசரிக்கு அகப்படாதவை

உடலை வருத்துவது சராசரி அல்ல. அடுத்தடுத்து வரும் சூடான நாட்களும், குளிராத இரவுகளும், ஈரப்பதமும்தான். வெப்ப மண்டலத்துக்கு வெளியே, குறைந்தபட்ச வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகளை எண்ணுவது பன்னாட்டு வழக்கம். வெப்ப மண்டலத்தில் ஏறக்குறைய எல்லா இரவுகளும் அப்படியே இருப்பதால், அங்கு நிலையான எல்லையைவிடச் சதமானம் பயன்படும்: அடிப்படைக் காலத்தில், ஆண்டின் அந்தச் சமயத்தில், நூற்றுக்குப் பத்து நாட்கள் மட்டும் தாண்டிய மதிப்பு எது என்று கண்டு, இந்தக் கோடையில் எத்தனை நாட்கள் அதைத் தாண்டின என்று எண்ணுங்கள். 92 நாட்களில் ஒன்பது நாட்கள் தாண்டினால் அது இயல்பு. முப்பது நாட்கள் தாண்டினால் மும்மடங்குக்கும் மேல். அந்த நாட்களில் தொடர்ச்சியாக ஆறு அல்லது அதற்கு மேல் வந்த நீட்சிகள் உண்டா என்றும் பாருங்கள்.

ஈரப்பதத்துக்குச் சார்பு ஈரப்பத விழுக்காட்டை எடுக்க வேண்டாம். காற்றில் உள்ள நீராவி மாறாமலே, பகல் சூடேறும்போது அந்த விழுக்காடு இறங்கும், இரவில் ஏறும். காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் பனிப்புள்ளி வெப்பநிலை அப்படி ஆடாது. அது இயல்பைவிட 2 டிகிரி உயர்ந்திருந்தால், வெப்பமானி இயல்பைக் காட்டினாலும் வியர்வை உலராத புழுக்கம் நிலவியிருக்கும். மக்கள் சொல்லும் வெயிலும் பதிவேட்டின் வெயிலும் ஒத்துப்போகாத கோடைகளில் நான் முதலில் தேடச் சொல்வது பனிப்புள்ளியைத்தான்.

மழைக்கு வேறு கணக்கு வேண்டும். பத்துக் கோடைகளின் மழை மில்லிமீட்டரில் 12, 18, 25, 31, 38, 44, 60, 75, 130, 310 என்று கொள்வோம். சராசரி 74.3. இந்த ஆண்டு 50 மில்லிமீட்டர் பெய்தால், இயல்பில் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று தலைப்புச் செய்தி வரும். ஆனால் அந்தப் பத்தில் ஆறு கோடைகளில் 50க்கும் குறைவாகவே பெய்திருக்கிறது. வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 41 மட்டுமே. ஒரே புயல் கொட்டிய 310 சராசரியைத் தூக்கிவிட்டது. ஆகவே கோடை மழைக்கு இடைநிலை அளவையும் வரிசை இடத்தையும் பயன்படுத்துங்கள். மழை பெய்த நாட்களின் எண்ணிக்கையும் வேண்டும். ஒரே நாளில் கொட்டிய 50 மில்லிமீட்டரும் பத்து நாட்களில் பரவிய 50 மில்லிமீட்டரும் மண்ணுக்கு ஒன்றல்ல.

முடிவை எழுதும் விதம்

கணக்கு முடிந்தபின், இடம், காலம், அடிப்படை, விலக்கம், வரிசை ஆகிய ஐந்தும் உள்ளபடி எழுதுங்கள். நம் கற்பனை நிலையத்துக்கு அது இவ்வாறு அமையும்: ‘இந்நிலையத்தில் மூன்று மாதக் கோடையின் சராசரி பகல் உச்சம் 1991–2020 இயல்பைவிட 0.8 டிகிரி அதிகம். 31 கோடைகளில் ஐந்தாவது. இரவின் குறைந்தபட்சம் 1.3 டிகிரி அதிகம், பதிவில் முதலாவது. பகல் உயர்வின் பெரும்பகுதி நீண்டகாலப் போக்கோடு ஒத்துப்போகிறது.’ மூலத் தரவே பத்தில் ஒரு டிகிரிக்குத்தான் துல்லியமானது என்பதால், புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். அருகில் வேறு நிலையம் இருந்தால் அதற்கும் இதே கணக்கைச் செய்து பாருங்கள்; இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் முடிவில் உறுதி கூடும், முரண்பட்டால் கருவியையோ இடமாற்றத்தையோ மீண்டும் ஆராய வேண்டும்.

கோடை முடிந்த வாரத்திலேயே கிடைக்கும் தரவு பெரும்பாலும் தற்காலிகமானது. வானிலைத் துறைகள் அதைச் சரிபார்த்து, பிழையான பதிவுகளை நீக்கிப் பின்னர் இறுதி செய்கின்றன. ஒரு நாளின் மதிப்பு 3 டிகிரி திருத்தப்பட்டால் 92 நாள் சராசரி 0.03 டிகிரி மட்டுமே நகரும். ஆனால் அந்த நாள்தான் சாதனை உச்சம் என்று நீங்கள் எழுதியிருந்தால், அந்தக் கூற்று முழுவதும் விழுந்துவிடும். எனவே பருவச் சராசரியை உடனே எழுதலாம்; தனி நாள் சாதனைகளை இறுதித் தரவு வரும்வரை ‘தற்காலிகம்’ என்ற குறிப்போடு வைத்திருந்து, சில மாதங்கள் கழித்து அதே பதிவேட்டை மீண்டும் திறந்து சரிபாருங்கள்.